மூன்றாம் ஓலைக்கு முன்

அன்புள்ள ஆஸ்டின்,

நேற்று ஞாயிறு பூசையில் உங்கள் கல்யாணத்துக்கு, மூன்று வாரம் அறிவிக்கும் ஓலையில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். நம் சாமியார் ராஞ்சிக்காரர், இந்தியில்தான் வாசித்தார். உன் பெயரைச் சரியாகச் சொன்னார். அப்பாவின் பெயரைக் கடித்துத் துப்பினார். மெர்லினுடைய அப்பா பெயரில் இருக்கும் 'ழ'வோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டிவிட்டு மேலே போனார். கடைசியில் வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார்: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லவேண்டும். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். நோய்நொடி கல்யாணத்துக்குத் தடை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் 'தெரிந்தால்' என்று அவர் சொன்னது என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்கு மட்டும் தெரியாது.

ஈஸ்டருக்கு நீ மாயாபந்தர் வந்தபோது காலையில் உன் கண்ணிமை வீங்கியிருந்தது. "பஸ்ஸுல தூங்கலம்மா" என்றாய். ஏலே, உன் கண்ணிமையைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள் நான், என்னிடமா? நீ குளித்துவிட்டுப் போனபிறகு குப்பைக்கூடையில் அந்தச் சோதனைப் பட்டையைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்திருந்தால் சோறு இறங்கியிருக்கும். பச்சையாக இருந்தது. சிறுநீரில் மறுபடி புரதம் இறங்குகிறது. இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்த சனியன் எழுந்துவிட்டது. கேட்டதும் நீ ஒத்துக்கொண்டாய், டாக்டரைப் பார்த்து மாத்திரை தொடங்கிவிட்டதாகவும் சொன்னாய். அந்தமட்டில் கெட்டிக்காரன். ஆனால் அதோடு நிறுத்தாமல், "மெர்லின்ட்ட சொல்லிராதீங்கம்மா, கல்யாணம் முடியட்டும்" என்றாயே! உன் அப்பா உடனே தலையாட்டினார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரிப்பு வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு முள் கிடக்கிறது.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் அந்தப் பேச்சை எடுத்ததும் "அம்மா, நெட்வொர்க் போகுது" என்று வைத்துவிடுகிறாய். இந்தத் தீவில் நெட்வொர்க் போவது புதிதில்லை. உனக்குப் பிடிக்காத பேச்சு வரும்போது மட்டும் சரியாகப் போவதுதான் அதிசயம். அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அப்பா கல்யாண வேலையாகப் போர்ட் பிளேயர் வரும்போது கையில் கொடுத்துவிடுவார். படித்தபிறகு இதை யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். சீக்காளிப் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் எந்தத் தாயிடமும் காட்டு. மறைத்து வைத்தது போதும்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் ஒரு கண் திறக்காமல் எழுந்தாய். குளவி கொட்டியிருக்கும் என்று மஞ்சள் பூசிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் கால் வீங்கியது. அதற்கடுத்து வயிறு. கால்சட்டைப் பொத்தான் போடமுடியாமல் நீ அழ, நான் புதுக் கால்சட்டை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒரு புத்திசாலி உன் அம்மா! போர்ட் பிளேயரில் டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார். உடம்பில் நிற்கவேண்டிய சத்து சிறுநீரகத்தின் வழியே ஒழுகிப்போகிறது, மாத்திரைக்குக் கேட்கும், ஆனால் ஒவ்வொரு சளி காய்ச்சலுக்கும் திரும்பித் திரும்பி வரும், வளர்ந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். 'பெரும்பாலும்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நானும் உன் அப்பாவும் இத்தனை வருஷம் ஓட்டினோம்.

வகுப்பில் ஒருவன் தும்மினால் நீ அடுத்த வாரம் வீங்கினாய். அந்த வருஷம் நீ பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் இருந்ததுதான் அதிகம். இருட்டோடு கிளம்பி, பாராடாங்கில் இறங்கிப் படகேறி, பழங்குடியினர் காட்டுவழியில் போலீஸ் கூட்டிப்போகும் வண்டிவரிசைக்காகக் காத்துக் கிடந்து, என் மடியில் படுத்தபடியே போவாய். பள்ளித் தலைமையாசிரியை நல்ல மனுஷிதான். "அபி கர் பே ஹி ரகியே, பெஹன்ஜி" என்றாள். இப்போதைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த 'இப்போதைக்கு' நீ மீசை முளைத்து நிற்கும்வரை நீண்டது.

நான் பிளஸ் டூ படித்தவள். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பெயர்தான். டீச்சர் என்றால் என்ன செய்வாள் என்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் பார்த்ததை அப்படியே வீட்டில் செய்தேன். காலையில் உனக்குச் சீருடை மாட்டினேன். தட்டை எடுத்துக் கரண்டியால் மணி அடித்தேன். சமையலறையில் நின்றபடி ஜெபம். வாய்ப்பாடு தப்பினால் முட்டிபோடு. ஸ்டீராய்டு மாத்திரை உனக்கு முகத்தை உருட்டிவிட்டிருந்தது, கோபத்தையும் பசியையும் ஏற்றிவிட்டிருந்தது. சிலேட்டைத் தூக்கி எறிவாய், நான் கத்துவேன், பக்கத்து வீட்டுப் பெங்காலி அக்கா சுவரைத் தட்டி "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சென்று கேட்பாள். ஒரு நாள் சாயங்காலம் கதவோரமாக வந்து நின்று, மெதுவாகக் கேட்டாய்: "டீச்சர் போய்ட்டாங்களா? எங்கம்மா வந்துட்டாங்களா?" நான் அடுப்பை அணைத்துவிட்டு உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். நீ என் கண்ணைத் துடைத்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாய். மறுநாள் சீருடையைப் பெட்டிக்குள் வைத்தேன்.

பிறகுதான் உன் உடம்பைக் கவனிக்கத் தொடங்கினேன். மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறையும் காலத்தில், மாத்திரை நாளில் நீ பம்பரமாகச் சுற்றுவாய், தூங்கமாட்டாய், கேள்விமேல் கேள்வி கேட்பாய். மாத்திரை இல்லாத நாளில் துவண்டு கிடப்பாய். ஆகவே மாத்திரை நாளில் கணக்கு, மற்ற நாளில் நான் வாசிக்க நீ படுத்துக்கொண்டு கேட்பாய். வீங்கிக் கிடக்கும் வாரங்களில் புத்தகமே இல்லை. உன் அப்பா படகுத்துறை ஜெட்டியில் டுங்கிகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். டுங்கி என்றால் இங்கே எல்லாருக்கும் சின்னப் படகு, வெளியூர்க்காரர் படித்தால் சொல்லிவிடு. அவர் ஏதாவது ஒரு பழைய எஞ்சின் துண்டைக் கொண்டுவந்து உன் கட்டிலில் போடுவார், நீ கழற்றி மாட்டுவாய். போர்வையெல்லாம் கிரீஸ். எனக்குக் கோபம் வரும், ஆனால் நீ சிரிப்பாய் என்பதற்காக வாயை மூடிக்கொள்வேன். மணி பார்த்து நடத்த வேண்டியதில்லை படிப்பை, உடம்பைப் பார்த்து நடத்தலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீ படும் பாட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

உன் முதல் விஞ்ஞானப் பாடம் உன் மூத்திரம்தான் என்று சொன்னால் இப்போது உனக்குக் கோபம் வரும். ஆனால் அதுதானே உண்மை! அப்போது பட்டையெல்லாம் கைக்கு எட்டாது. தினம் காலையில் கண்ணாடிக் குழாயில் பிடித்து, கொல்லையில் மண்ணெண்ணெய் அடுப்பில் மேல்பகுதியைச் சூடாக்கி, டாக்டர் கொடுத்த அமிலத்தில் சில சொட்டு விடுவோம். தெளிந்தால் நல்ல நாள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்தால் கெட்ட நாள். நீதான் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாய். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உனக்கு உப்பு ஆகாது என்பதால் நம் வீட்டில் அந்தக் குப்பையைத்தான் மூன்றுபேரும் தின்றோம். கருவாட்டு வாசம் மூக்கைத் துளைக்கும் இந்த ஊரில் உன் அப்பா உப்பில்லாத மீனைப் பிசைந்து தின்றுவிட்டு "அருமை" என்று சொன்ன பொய்க்கு மட்டும் அவர் மோட்சத்துக்குப் போவார்.

வருஷங்கள் போயின. தமிழ்ப் புத்தகம் எதைக் கொடுத்தாலும் தடங்கல் இல்லாமல் வாசித்தாய். பின்னமும் தசமமும் தண்ணீர்பட்ட பாடு. வீட்டுக்கு யார் வந்தாலும் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தி வாசிக்கச் சொல்வேன். எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. பள்ளிக்கூடமே போகாத பிள்ளை என்று அவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள், நான் காபி போடப் போவேன். இதற்கெல்லாம் சேர்த்து ஒருநாள் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மறுபடி வீங்கி, போர்ட் பிளேயரில் வார்டில் சேர்த்திருந்தார்கள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நீ போகும் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் ஒரு கேனில் சேர்த்துக் கொடுக்கவேண்டும், அதை அளந்து பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வார்கள். கட்டிலுக்கடியில் கேன் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. மறுநாள் விடிந்தால் வேலை முடிந்தது. நான் உனக்கு உப்பில்லாத இட்லி கிடைக்குமா என்று கீழே ஒரு கடையில் கெஞ்சப் போனேன். திரும்பி வந்தால் கட்டிலுக்கடியில் கேன் இல்லை. வார்டைத் துடைக்கும் அம்மா அதை எடுத்துக் கக்கூஸில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் ஆடிய ஆட்டத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. அவளும் விடவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மைனே பூச்சா தா! தோ பார் பூச்சா! பச்சா குச் போலா ஹி நஹீ!" என்றாள். கேட்டேன், இரண்டுதரம் கேட்டேன், பிள்ளை வாயையே திறக்கவில்லை என்கிறாள். உன்னைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்க உட்கார்ந்திருந்தாய். "என்னலே, கொட்டாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றேன். "அவங்க என்ன கேட்டாங்கன்னே புரியலம்மா" என்றாய்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தத் தீவுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இந்தி தெரியாது! மற்ற ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. இங்கே பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், பர்மாவிலிருந்து வந்த கரேன் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசுவது இந்தியில்தான், அதை எந்த வீட்டிலும் யாரும் பிள்ளைக்குச் சொல்லித் தருவதில்லை. தெருவில் விளையாடினால் தானாக ஒட்டிக்கொள்ளும், கால் மண் மாதிரி. என் கல்யாணமான புதிதில் எனக்கே மீன்கடைச் சண்டையில்தான் வந்தது. அதனால்தான் உனக்கு எல்லாம் சொல்லித் தந்த எனக்கு இந்த ஒன்று தோன்றவே இல்லை. தெருவை உனக்குச் சாத்திவிட்டு, தெருவில் கிடைப்பது தானாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படி ஒரு கூமுட்டைத்தனத்தை அந்தமான்காரி தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அந்த ஒருநாள் வீணாகி, மறுபடி முதலிலிருந்து கேனை வைத்தோம். நான் உன் கட்டிலை விட்டு அசையவில்லை. மறுநாள் ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் திருநெல்வேலிக்காரர். "என்ன தம்பி, எப்படி இருக்கு?" என்று நல்ல தமிழில் உன்னைத்தான் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான், "நைட்டு நல்லா தூங்கினான் டாக்டர், கால் வீக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றேன். அவர் மறுபடி உன்னையே பார்த்து, "வயிறு வலிக்குதா?" என்றார். நீ மறுபடி என்னைப் பார்த்தாய். நானும் மறுபடி வாயைத் திறந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஏம்மா, வலிக்கிறது உங்க வயிறா, அவன் வயிறா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இந்தி ஒரு பாதிதான், மற்ற பாதி இதுதான் என்று எனக்கு அப்போது உறைத்தது. உன்னை யார் என்ன கேட்டாலும் நானே பதில் சொல்லி வந்திருக்கிறேன். உனக்கு வலித்தால்கூட நான் சொன்னால்தான் அது வலி.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் சண்டை போட்டு, அழுது, கடைசியில் இருவருமாக முடிவு செய்தோம். சாயங்காலம் ஜெட்டி மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். உன் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் போக, வீங்கிய முகத்தோடு நீ பின்னால் போனாய். முதல் நாள் "மோட்டு, மோட்டு" என்று கத்தினார்கள். குண்டு என்பதுகூட உனக்குப் புரியவில்லை, நல்லதாகப் போயிற்று. அந்தப் பையன்களுக்கு அம்பயர் வேலை ஆகாது. எவனுக்கும் மட்டையை விட மனசு வராதே. உட்கார்ந்தே இருக்கும் ஒருத்தன் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்கள். அவுட் என்றால் ஒரு கட்சி அடிக்க வரும், இல்லை என்றால் மறுகட்சி. நீ பேசித்தான் ஆகவேண்டும். மழைக்காலம் வருவதற்குள், ஒருநாள் நான் ஜன்னலோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில் உன் குரல் கேட்டது. என் வயிற்றில் பிறந்த பிள்ளை, ஜெபமாலை சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை, தெலுங்குப் பையன் ஒருத்தனின் பரம்பரையையே இந்தியில் சந்திக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏளா, அவன் பேசிட்டாம்ளா! கேளு, கேளு!" என்றார். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர். அன்று ராத்திரி உனக்கு அடியும் கிடைத்தது, பாயசமும் கிடைத்தது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த மழையில் எவனோ ஒருத்தன் சளியை ஒட்டிவிட்டான், நீ மறுபடி வீங்கினாய். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்த மாத்திரை திரும்ப உச்சத்துக்குப் போயிற்று. என் தம்பி போனிலேயே என்னை வறுத்தெடுத்தான், பிள்ளையைத் தெருவில் விட்டுக் கொல்லப் பார்க்கிறாயா என்று. நானும் அந்த நாற்காலியைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். வீக்கம் வடிந்தபிறகு நீயே போய் அதைத் துடைத்து எடுத்துவந்து, "போகவாம்மா?" என்று வாசலில் நின்றாய். உன்னைப் பிரசவித்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. "சளி பிடிச்சவன் பக்கத்துல உக்காராத" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன், அவரும் தெரியாது என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். திறந்தவெளிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, அஞ்சல்வழியில் பட்டம், இப்போது போர்ட் பிளேயரில் கப்பல் சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் வேலை. பல பாஷைக்காரர்களோடு பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறாய். பதினாறு வயதுக்குப் பிறகு நோய் எட்டிப்பார்க்கவில்லை. நாமும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். 'சின்ன வயசில் கொஞ்சம் சுகமில்லாமல் இருந்தான்' என்று சம்பந்தி வீட்டில் உன் அப்பா சொன்னபோது நான் தலையசைத்தேன். அன்றைக்கு அது பொய்யில்லை. இன்றைக்குப் பொய்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவள் விட்டுவிடுவாள். விடலாம், ஆஸ்டின். அவளுக்கு அந்த உரிமை உண்டு. விட்டால் நீ அழுவாய், உன்னோடு நானும் அழுவேன், ஊர் கொஞ்சநாள் மென்று துப்பும். ஆனால் சொல்லாமல் கட்டினால் என்ன செய்வாய் என்று யோசித்தாயா? தினம் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டையைப் பார்ப்பாயா? அவள் ஆசையாக வைத்த குழம்பில் உப்பைக் கண்டு தட்டைத் தள்ளிவிட்டு, பசியில்லை என்பாயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால், அந்தச் சோற்றை அவள்தானே பரிமாறப்போகிறாள்! கண்டுபிடிக்கிற அன்றைக்கு அவள் நோயைப் பார்த்து அழமாட்டாள், நம் மூன்றுபேர் முகத்தையும் பார்த்து அழுவாள். எனக்கு அந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்க முடியாது, சத்தியமாக முடியாது.

நேற்று ஓலை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போது மெர்லின் கூப்பிட்டாள். "அத்தே, ஓலை வாசிச்சாச்சா? எங்க கோயில்லயும் வாசிச்சாங்க, எனக்கு வெக்கமாப் போச்சு" என்று சிரித்தாள். உனக்குப் பிடித்த மீன்குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டாள். நான் புளியைப் பற்றிச் சொன்னேன், மிளகாயைப் பற்றிச் சொன்னேன். "உப்பு எவ்வளவுத்தே?" என்றாள். நான் உலைமூடியைத் திறந்து மூடினேன். அவளே, "அத்தே, ஒன்னு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே? அவங்க முகம் ஒரு மாதிரி வீங்குனாப்ல இருக்கு. கேட்டா சிரிச்சுட்டே பேச்ச மாத்துறாங்க. உடம்புக்கு எதுவுமா?" என்றாள்.

சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. குளவி கொட்டியது என்று மஞ்சள் பூசிய நாளிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி, மருந்தின் பெயரையும் சொல்லி, அழுது, அவளையும் அழவைத்து, எல்லாவற்றையும் நானே முடித்திருப்பேன். அதில் நான் கைதேர்ந்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு, "அத அவன்ட்டயே கேளும்மா. சிரிச்சா விடாத, திரும்பக் கேளு" என்றேன். "சரித்தே, சனிக்கிழம பாக்க வர்றேன்னாங்க, கேக்குறேன்" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். உலை பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

ஆகவே சனிக்கிழமை அவள் கேட்பாள். அவள் 'சரி' என்றால், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஒருதரம் போய்வா, எல்லாவற்றையும் அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். 'யோசிக்க வேண்டும்' என்றால் அவசரப்படுத்தாதே. மூன்றாம் ஓலையைத் தள்ளிவைக்கச் சொல்லி நானே சாமியாரிடம் போகிறேன், எனக்கு அதில் வெட்கமில்லை. 'வேண்டாம்' என்றால் அவளைத் திட்டாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வா, நான் இருக்கிறேன். பந்தல்காரனையும் ஊர் வாயையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதைக் கொடுத்துவிட்டு அப்பா சௌல்தாரியில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவார். உன் அறையில் தங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், தங்கினால் சமாளிக்க ஏதாவது வழி சொல்லிக்கொடுப்பார். என்னையும் கூப்பிடாதே. அவளிடம் பேசி முடிக்கும்வரை நீ எத்தனைதரம் அடித்தாலும் நான் போனை எடுக்கமாட்டேன். எடுத்தால், எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று எல்லாவற்றையும் சொல்லித் தந்துவிடுவேன், நீயும் நல்ல பிள்ளையாக அப்படியே ஒப்பிப்பாய். உனக்கு அ, ஆவன்னாவிலிருந்து எல்லாம் சொல்லித் தந்தவள் நான். இந்த ஒன்றை மட்டும் சொல்லித் தரமாட்டேன், ராசா. நீயே சொல்.

அம்மா